ஏலக்காயும் விறகுச் செலவும்

பாயஸத்தில் ஏலக்காயைப் பொடித்துப் போடும் நம் இல்லத்தரசிகள் அதன் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதுண்டு. அவ்விலையில் விறகின் பங்கை யோசிப்பவர் சிலரே.

போடிநாயக்கனூருக்கு மேற்கேயுள்ள ஏலமலைச் சரிவுகளில் பறித்த பச்சைக் காய் ஏறக்குறைய 5 கிலோவை உலர்த்தினால்தான் 1 கிலோ சரக்குக் கிடைக்கும். மிகுதியெல்லாம் நீர், அதைப் போக்க, விறகால் உலர்த்தும் அறைகளில் இரவு பகலாகத் தீ எரியவேண்டும்.

இதற்காக நிழல் மரங்களை வெட்டுவது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் ஏலச்செடியோ நிழலை நம்பி வாழ்வது. நிலக்கரிச் சுரங்கத்தில் கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித் தூண்களை முன்யோசனையின்றிப் பெயர்த்து லாபம் காண்பதற்கே இது ஒப்பாகும்.

நன்கு காய்ந்த விறகை எரித்தல், புகைக்குழாயின் விரிசலை அடைத்தல், சுவர் வழியே வெப்பம் வீணாகாமல் காத்தல் ஆகியவையே மெய்யான சிக்கனம் என்பது நமது துணிபு.