கடற்காற்று தாமதமாகும் நாள்

மே மாதம் பெசன்ட் நகரில் வடகம் பிழிய மொட்டைமாடிக்குப் போனால், பத்து மணிக்கே தளம் பாதத்தைப் பொசுக்கும். எதிரே கடல் அவ்வளவு சூடேறுவதில்லை. வெயில் ஒன்றுதான். ஆனால் மணலைவிட நீரை அதே அளவு சூடாக்க, எடைக்கு எடை ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். தரையில் வெயில் மேற்பரப்போடு நின்றுவிடும்; கடலில் பல மீட்டர் இறங்கும், அலையும் கலக்கிவிடும்.

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. பூமிக்கு வரும் வெயிலில் ஏறக்குறைய பாதியை நிலமும் கடலும் வாங்கிக்கொள்கின்றன. அங்கிருந்துதான் காற்றுக்குச் சூடு ஏறுகிறது. நிலத்தின் மேல் சூடான காற்று எழும்ப, கடற்காற்று உள்ளே வரும். மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்தால் அது தாமதமாகும். அன்றைக்குச் சென்னை 40 டிகிரியைத் தாண்டக்கூடும். கட்டட வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களே, அந்த நாட்களில் நண்பகலில் அவர்களை நிழலுக்கு அனுப்புங்கள்.