மயிற்பொறியும் மாணவர் பொறியும்

பொறியைப் பற்றிய பேச்சு தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. மதுரை மதிலில் அமைந்திருந்த போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக வானிற் செல்லும் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். அதனைச் செலுத்த அவளும் பயில்கிறாள். ஆயினும், அம்மயில் தானே வழியறிந்து பறந்ததன்று. அதனைத் திருகிச் செலுத்த ஒரு கை வேண்டியிருந்தது. அக்கையின் துணையின்றித் தன் சூழலை உணர்ந்து, முன்னரே இட்ட கட்டளைப்படி இயங்கும் பொறியையே இன்று எந்திரன் என்கிறோம். ‘ரோபோ’ என்னும் பெயர், செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தினின்று உலகெங்கும் பரவியது.

மாணவர்கள் தாமே எந்திரன்களை அமைத்துக் களத்தில் இறக்கும் போட்டிகள் சிங்கப்பூரில் வேரூன்றியுள்ளன. அறிவியல் நிலையம் 1999-இல் தேசிய இளையர் எந்திரன் போட்டியைத் தொடங்கியது. உலக எந்திரன் ஒலிம்பியாட்டின் முதல் அனைத்துலக இறுதிச் சுற்று 2004-இல் இந்நகரில் நடைபெற்றது. 2025-இலும் அது இங்கு நடந்தது. விளையாட்டுப் பொருளில் பொழுதைப் போக்குவது படிப்பாகுமா என்று ஐயுறும் பெற்றோரும் உளர். அவ்வையம் ஆராயத்தக்கது.

காத்தோங்கில் ஒருவர் வழி கேட்டால், ‘ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் போய்ச் சிலோன் சாலையில் திரும்புங்கள், செண்பக விநாயகர் கோயில் வந்துவிடும்’ என்கிறோம். கேட்பவர் எஞ்சியவற்றைத் தாமே உய்த்துணர்ந்து கொள்வார். எந்திரனோ எதனையும் உய்த்துணராது. எவ்வளவு தொலைவு செல்வது, எதைக் கண்டு திரும்புவது, எங்கே நிற்பது என ஒவ்வொன்றையும் முறைப்படி கூறவேண்டும். ஆகவே, இது முதற்கண் சிந்தனையை ஒழுங்குபடுத்தும் பயிற்சியாகும்.

அடுத்தது, பிழையிலிருந்து கற்றல். ‘இரண்டு வினாடி சக்கரத்தைச் சுழற்றித் திரும்பு’ என்று ஒரு மாணவன் கட்டளையிடுகிறான் எனக் கொள்வோம். மின்கலம் நிறைந்திருக்கையில் எந்திரன் சரியாகத் திரும்பும். அது தளர்ந்ததும் பாதியில் நின்றுவிடும். காலத்தை அளப்பதைவிடச் சக்கரத்தின் சுற்றுகளை அளப்பதே நன்றென அவன் அப்போது உணர்கிறான். தரையிலுள்ள கருங்கோட்டைப் பற்றிச் செல்லும் எந்திரன், கீழே ஒளி பாய்ச்சி, மீண்டு வரும் ஒளியை அளக்கிறது. கருமை குறைவாகவும் வெண்மை மிகுதியாகவும் ஒளியைத் திருப்பும். வகுப்பறையில் பொருந்திய அளவு, விளக்குகள் மிகுந்த மண்டபத்தில் பொருந்தாமற் போகலாம். காரணத்தைத் தேடிக் கண்டு திருத்தும் அம்முயற்சியே கல்வி.

இப்பயனைக் கெடுக்கும் இடர் ஒன்று உண்டு. பரிசின்மேல் நாட்டம் மிகும்போது, பயிற்சியாளரே பொறியை அமைத்துக் கட்டளைகளையும் எழுதிவிட, மாணவன் அதைத் தூக்கிச் செல்லும் ஆளாகி விடுகிறான். ஒலிம்பியாட்டில் பல்லாண்டுகள் இருந்த விதிகள் இவ்விடரை அறிந்து வகுத்தவை. உறுப்புகளைப் பிரித்த நிலையில் கொணர்ந்து, குறிப்பேதுமின்றி மாணவரே களத்தில் பொருத்த வேண்டும், அன்று காலை அறிவிக்கும் புதிய நிபந்தனைக்கேற்பக் கட்டளைகளை மாற்ற வேண்டும், பெரியவர் உதவலாகாது. பிறர் செய்தளித்த திறன் இங்கே செல்லாது. போட்டி கல்வியாவதும் வெறுங் காட்சியாவதும் இத்தகைய விதிகளைப் பொறுத்தே அமைகின்றன.

பொருட்செலவும் கருதத்தக்கதே. ஆனால், இதன் முதற்பாடத்திற்குப் பொறியே வேண்டுவதில்லை. பள்ளி வாயிலிலிருந்து நூலகத்திற்குச் செல்லும் வழியை, எதனையும் உய்த்துணராத ஒருவனுக்குக் கூறுவதுபோல், தமிழில் வரிசையாக எழுதச் சொல்லலாம். மற்றொரு மாணவன் எழுதியவாறே நடந்து காட்டட்டும். தவறியது எவ்விடத்தில், ஏன் என்பதை இருவரும் சேர்ந்து எழுதட்டும். இது தமிழாசிரியர் தம் வகுப்பிலேயே செய்யக்கூடியது. தெளிவாக எண்ணவும் எண்ணியதைத் தெளிவாகச் சொல்லவும் கற்ற மாணவன், கோப்பை பெறாமல் திரும்பினும் வெறுங்கையோடு திரும்பியவனாகான்.