டப்ளினில் சாயும் ஊசி

கலிபோர்னியாவின் டப்ளின் நகரில் வளரும் தமிழ்க் குழந்தைகள் மூன்றாம் வகுப்பிலேயே காந்தவிசையைப் படிக்கத் தொடங்குகின்றனர். அம்மாநிலம் 2013-இல் ஏற்றுக்கொண்ட ‘அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்’, ஒன்றையொன்று தொடாத இரு பொருள்களுக்கிடையே மின்விசையோ காந்தவிசையோ செயல்படும்போது எது காரணம், எது விளைவு என்று அறிவதற்கான வினாக்களை மாணவரே எழுப்ப வேண்டும் என எதிர்பார்க்கின்றன. அத்தகைய வினாக்கள் பொருளைக் கையிலெடுத்துச் சோதிக்கும்போதே பிறக்கின்றன. அதற்கு வேண்டியவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலேயே கிடைக்கின்றன.

முதற் சோதனைக்குச் சில நாணயங்களே போதும். ஊரிலிருந்து வந்த எஃகு ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டிக்கொள்ள, அமெரிக்க ஐந்து சென்ட் நாணயம் ஒட்டாமல் நிற்கும். பின்னதில் 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் இருப்பதும், தனித்த நிக்கலைக் காந்தம் ஈர்த்தாலும் இக்கலவையை ஈர்ப்பதில்லை என்பதும் தெரியவரும்போது, ‘உலோகமெல்லாம் காந்தத்தில் ஒட்டும்’ என்ற பரவலான எண்ணம் தானே கலைந்துவிடுகிறது.

அடுத்தது ஊசிச் சோதனை. எஃகுத் தையல் ஊசியின் நடுவில் மெல்லிய நூலைக் கட்டி, ஊசி கிடைமட்டமாக நிற்குமாறு முடிச்சை நகர்த்திச் சரிசெய்து, அவ்விடத்தில் ஒரு துளி பசையிட்டு உலரவிட வேண்டும். பின்னர்க் காந்தத்தின் ஒரு முனையால் ஊசியை ஒரே திசையில் பலமுறை தேய்த்தால், எஃகினுள் பல திசைகளில் நின்ற நுண்ணிய காந்தப் பகுதிகள் ஒழுங்குபட்டு ஊசியே காந்தமாகிறது. காந்தத்தையும் இரும்புப் பொருள்களையும் தொலைவில் வைத்துவிட்டு அதைத் தொங்கவிட்டால், அது வடக்குத் தெற்காகத் திரும்புவதுடன், அதன் வடமுனை கீழ்நோக்கிச் சாய்வதையும் காணலாம்.

இச்சாய்வு காந்தச் சரிவு எனப்படும். லண்டனில் திசைகாட்டி செய்துவந்த இராபர்ட் நார்மன், சரியாக நிறுத்திய ஊசிகள் காந்தமேற்றியபின் சாய்வதைக் கண்டு ஆராய்ந்து 1581-இல் நூலாக வெளியிட்டார். பூமியே ஒரு பெருங்காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் 1600-இல் விளக்கினார். டப்ளின் அமைந்துள்ள சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பூமியின் காந்தப்புலம் தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 பாகை கீழ்நோக்கிச் செல்கிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டியுள்ள திருநெல்வேலியிலோ அது கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே அமைகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஆய்வுக்கூடம் நடத்துவதும் இவ்வமைவிடத்தின் சிறப்பு கருதியே. நூலும் முடிச்சும் தடுப்பதால் வீட்டு ஊசி முழுக் கோணத்தையும் காட்டாது எனினும், கோடை விடுமுறையில் திருநெல்வேலித் தாத்தா வீட்டில் இதே சோதனையைச் செய்யும் குழந்தை இரு ஊர்களின் வேறுபாட்டைக் கண்ணால் காண முடியும்.

சிறிய நியோடிமியக் காந்தங்களை மட்டும் குழந்தைகளிடம் தருதல் ஆகாது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால் அவை குடற்சுவர்களை இடையில் நெரித்து உயிருக்கே ஊறு செய்யும். மற்றபடி பெற்றோர் செய்யத்தக்கது, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர் என்ன நிகழும் என்பதைக் குழந்தையையே எழுதச் சொல்லி, விளைவைக் கண்டபின் காரணத்தைக் கேட்பதாகும். கணிப்பு பொய்க்கும் இடத்தில்தான் குழந்தையின் அடுத்த கேள்வி எழுகிறது.