உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணில் மறைந்திருக்கும் பகைவர்

விதைக்கிழங்கை அதிக விலை கொடுத்து வாங்கி நாட்டி, நீர் இறைத்து, முளை வெளிவரக் கண்டு மகிழ்ந்த கமக்காரர், ஒரு நாட் காலையில் இளந்தண்டுகள் அடியில் வெட்டுண்டு சரிந்து கிடப்பதைக் காண்பதுண்டு. அயலவரின் ஆட்டின்மேல் ஐயுறுவதிற் பயனில்லை. வெட்டுண்ட செடியைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கிளறினால் உண்மைக் கள்வன் அகப்படுவான். கருஞ்சாம்பல் நிறமுடைய, தொட்டவுடன் வளையம்போற் சுருளும் வெட்டுப்புழுவே அது.

இப்புழு பகலில் மண்கட்டிகளின் கீழ் ஒளித்திருக்கும். இரவில் வெளிவந்து தண்டை நிலமட்டத்தில் அறுக்கும். ஒரே இரவிற் பல செடிகளை வெட்ட வல்லது. பின்னர், மண் மூடாத கிழங்குகளையும் குடையும். இதன் தாய் அந்து களைகளிலும் ஈரமண்ணிலும் முட்டையிடும். எனவே களை மண்டிய நிலத்தை வைத்திருத்தல் பகைவனுக்கு வீடு கட்டிக்கொடுப்பதை ஒக்கும்.

மற்றொரு பகைவன், வண்டின் குடம்பியாகிய வெண்புழு. கபிலநிறத் தலையும் வளைந்த வெண்ணிற உடலும் உடைய இது, வேரைத் தின்று கிழங்கிலும் குழி செய்யும். நன்கு மக்காத சாணத்துடன் இது தோட்டத்துக்கு வந்து சேர்வதுண்டு.

இவற்றை அடக்கும் வேலை நாட்டுவதற்கு முன்னரே தொடங்கவேண்டும். இரண்டு வாரங்களுக்கு முன்பே களைகளை அகற்றி, நிலத்தை ஆழமாகக் கொத்திப் புரட்டுக. வெளிவரும் புழுக்களை வெயிலும் காகமும் மைனாவும் அழிக்கும். நன்கு மக்கிய எருவையே இடுக. வெலிமடைப் பகுதியில் நெல்லறுத்த வயலிற் கிழங்கு நாட்டுவோருக்கு, வயலில் நின்ற நீரே ஒரு காவலாகும்.

முளை வந்தபின் நாள்தோறும் காலையிற் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க. மாலையில் வரிசைகளிடையே இலைக் குவியல்களை வைத்தால், விடியலில் அவற்றின் கீழ் ஒதுங்கிய புழுக்களைப் பொறுக்கி அழிக்கலாம். காலத்தில் மண் அணைத்து, வெடிப்பு விழாது நீர் பாய்ச்சினால், கிழங்கு அந்தும் கிழங்கை அணுகாது.

முற்காலத்தில் ஆல்டிரின், டில்டிரின் ஆகிய நஞ்சுகள் மண்ணிற் கலக்கப்பட்டன. அவை பல ஆண்டுகள் மண்ணிற் தங்கி உணவிலும் சேர்வதால், 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை அவற்றை விலக்கியது. மருந்து இன்றியமையாததாயின், பிரதேச விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, அனுமதிக்கப்பட்டதை மட்டும் குறித்த அளவில் இடுக.

வெட்டுண்ட செடி ஒன்றைக் கண்ட அன்றே மண்ணைக் கிளறுபவர், அடுத்த பத்துச் செடிகளைக் காத்தவராவார்.