திறந்த சமையற்கூடத்தில் ஒரு ரகசியம்: எப்படி இயங்குகிறது?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஒரு கல்யாணச் சமையற்கூடமாக நினைத்துக்கொள்ளுங்கள். கதவே கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம், பக்குவத்தில் திருத்தம் சொல்லலாம். ஆனால் ஏன் இந்தத் திருத்தம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும். இப்பேர்ப்பட்ட இடத்தில் 2017இன் பிற்பாதியில் ஒரு ரகசியத்தைக் காக்க வேண்டி வந்தது.

அந்த ரகசியம் இதுதான். விலையுயர்ந்த சாமான்கள் இருக்கும் உக்கிராணம், பரிமாறுகிறவர்கள் நிற்கும் இடத்தை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு காவல்காரர். எடுபிடிப் பையனோ படு சுறுசுறுப்பு. யாராவது குங்குமப்பூ கேட்டால், காவல்காரர் வாய் திறப்பதற்குள் எடுத்து வந்துவிடுவான். "கூடாது" என்றதும் திருப்பி வைத்துவிடுவான். ஆனால் மேடையில் மணம் தங்கிவிடும். அதை மோந்தே உள்ளே இருப்பது என்னவென்று கண்டுபிடித்துவிடலாம். பையன்தான் இன்டெல் சிப். மேடைதான் அதன் கேஷ் நினைவகம். அனுமதி வருமுன்பே வேலையைத் தொடங்கிவிடுவதால்தான் சிப்புக்கு அவ்வளவு வேகம். மெல்ட்டவுன் என்று பின்னால் பெயர் பெற்ற ஓட்டை இதுதான். கடவுச்சொல்லைக்கூட இதன் வழியே உருவிவிடலாம்.

கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 2017 ஜூன் முதல் இவ்வகை ஓட்டைகளை இன்டெலிடம் சொல்லிவந்தது. 2018 ஜனவரி 9 வரை மூச்சு விடுவதில்லை என்று ஏற்பாடு.

ஏற்கெனவே விற்றுப்போன கணினிகளில் பையனை மாற்ற வழியில்லை. உக்கிராணத்தைத் தனிக் கட்டடத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி. கெர்னலின் நினைவகத்தைப் பயனர் நிரல்களின் கண்ணிலிருந்தே பிரித்துவிடும் திருத்தம் அது. ஒவ்வொரு சாமானுக்கும் நடந்து போய் வர வேண்டும், வேலை மந்தமாகும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அதே ஆண்டு வேறொரு பலவீனத்துக்காக இந்த யோசனையை வெளியிட்டிருந்தார்கள். வெளியே சொல்ல அந்தக் காரணம் கைகொடுத்தது. பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஆனால் எல்லாரும் பார்க்கச் சுவர் எழுப்பிவிட்டு, அது எதற்கு என்பதை மறைக்க முடியுமா? வேகத்தை உயிராக மதிக்கும் கூட்டம், வேகத்தைக் குறைக்கும் ஒரு மாற்றத்தை விடுமுறைக் காலத்தில் அவசர அவசரமாக ஏற்றது. பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. டிசம்பர் கடைசியில் போட்டி சிப் நிறுவனமான ஏஎம்டியின் பொறியாளர் ஒருவர், தங்கள் சிப்பில் இந்தச் சுவர் தேவையில்லை என்று ஒரு திருத்தம் அனுப்பினார். கூடவே காரணமும் எழுதினார்: உரிமையில்லாத தரவை எங்கள் சிப் முன்கூட்டி எடுக்காது. முடிச்சு அங்கேயே அவிழ்ந்தது. ஜனவரி 2 அன்று 'தி ரெஜிஸ்டர்' என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் செய்தி வெளியிட்டது. மறுநாளே எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டியதாயிற்று.

பூட்டுவதற்குள் ஊருக்குச் சொன்னால் திருடனுக்கும் சொன்னதாகும். அதனால் ரகசியமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அது ஏழு மாதம் நீண்டதும், பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே சுற்றியதும்தான் என்னை உறுத்துகிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றொரு திறந்தமூல இயங்குதளத்தின் குழுவுக்குத் தகவல் எட்டியதே டிசம்பர் பிற்பகுதியில்தான். லினக்ஸ் நிறுவனங்களைக்கூட ஒன்றோடொன்று பேசவிடாமல் இன்டெல் தனித்தனியே வைத்திருந்தது என்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 2018இல் வெளிப்படையாகவே கண்டித்தார்.

வழக்கமான மென்பொருள் ஓட்டைகளுக்குக் கெர்னல் குழு தரும் அவகாசம் மிகக் குறைவு: திருத்தம் தயாரானால் 7 நாள், மிகமிக அவசியமென்றால் 14. சிப் கோளாறுகளுக்கென 2019இல் தனி நடைமுறையே எழுதிக்கொண்டார்கள். மறைகுறியாக்கப்பட்ட அஞ்சல் குழு உண்டு. தேவைப்படும் நிபுணரை உள்ளே அழைக்கவும் வழி உண்டு. ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.