ரப்பர் படகுக்கு எத்தனை குதிரைத்திறன்?

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள கொமரலிங்கம், பழைய ராஜவாய்க்கால் பாசனத்தால் நெல்லும் தென்னையும் விளையும் பேரூராட்சி. ஆற்றின் மேற்பகுதியில் 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையின் 90 அடி நீர்மட்டம் நிரம்பி, பாம்பாறும் சின்னாறும் தேனாறும் கொண்டுவரும் நீர் உபரியாகத் திறந்துவிடப்படும் நாட்களில், கரையோர ஊர்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை விடப்படுவது வழக்கம். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கும் பணியில், காற்றடைத்த ரப்பர் படகும் அதன் பின்னால் மாட்டப்படும் வெளிப்பொருத்து இயந்திரமும், அதாவது மீனவர்கள் அவுட்போர்டு என்று சொல்லும் கழற்றி மாட்டக்கூடிய மோட்டாரும், 2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்திலும் எவ்வளவு பயன்பட்டன என்பதைத் தமிழகம் நேரில் கண்டது. எனினும், தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் அணி இருக்கும் அரக்கோணம், கொமரலிங்கத்திலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளதால், முதல் சில மணி நேரத்துக்கு உள்ளூரிலேயே ஒரு சிறு படகு ஆயத்தமாக இருப்பது மிகவும் தேவையானது; அப்படகுக்கு எந்த இயந்திரம் பொருந்தும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

குதிரைத்திறன் என்ற சொல் இப்பகுதி உழவர்களுக்குப் புதிதல்ல. 5 ஹெச்பி மோட்டாரா, 7.5 ஹெச்பி மோட்டாரா என்று கேட்டுக் கிணற்றுக்கு மோட்டார் வாங்குபவர், கிணற்றின் ஆழத்தையும் ஊற்றின் அளவையும் குழாயின் விட்டத்தையும் கணக்கில் எடுக்காவிட்டால், பெரிய மோட்டார் சற்று நேரத்தில் கிணற்றை வற்றவைத்துவிட்டு வெறுமனே ஓடித் தீய்ந்துபோகும் என்பதை அறிவார். படகு இயந்திரத்திலும் நிலைமை இதுவே: குதிரைத்திறன் கடைசியில் தீர்மானிக்க வேண்டியது; ஓடவிருக்கும் நீரின் வேகம், ஏற்றவிருக்கும் சுமை, இயந்திரம் மாட்டப்படும் பின்பலகை தாங்கும் எடை ஆகியவையே முதலில் தீர்மானிக்க வேண்டியவை.

நீரின் வேகத்திலிருந்து தொடங்கினால் கணக்கு தெளிவாகும். நீரை விலக்கிக்கொண்டு செல்லும் எந்தப் படகும் தன் முகப்பில் ஓர் அலையையும் பின்புறத்தில் ஓர் அலையையும் எழுப்பி, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் அமர்ந்தே நகர்கிறது. வேகம் கூடக்கூட அப்பள்ளம் நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடுவதால், அதற்குமேல் இயந்திரத்தை முறுக்கினாலும் பின்புறம் தாழ்ந்து முகப்பு தூக்குமே தவிர வேகம் கூடாது. இந்த வரம்பைக் கணக்கிட, படகு நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது நாட் எனப்படும் கடல் வேக அளவில் இருக்கும். நீரைத் தொடும் நீளம் 9 அடியாக உள்ள சிறு ரப்பர் படகுக்கு இது சுமார் 4 நாட், அதாவது மணிக்கு 7.4 கிலோமீட்டர். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கும் வெள்ளமோ மணிக்கு 7.2 கிலோமீட்டர் ஓடுகிறது. அணையின் அமைதியான நீரில் சுகமாகச் செல்லும் 2.5 குதிரைத்திறன் படகு, அத்தகைய வெள்ளத்தை எதிர்த்து முழு விசையில் ஓடினாலும் கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நின்றிருப்பதாகவே தெரியும்.

இந்த வரம்பைக் கடக்கும் வழி, படகு தன் முகப்பு அலையின் மேல் ஏறி, நீரின் பரப்பின் மீது சறுக்கத் தொடங்குவதே. அதற்குத் தேவையான திறனைச் சுமைதான் தீர்மானிக்கிறது. ஒரு குதிரைத்திறனுக்கு 25 முதல் 30 கிலோ வரை என்பது நடைமுறையில் உதவும் தோராயக் கணக்கு. படகு 60 கிலோ, இயந்திரம் 45 கிலோ, எரிபொருளும் கயிறும் 15 கிலோ, ஆட்கள் நால்வர் 280 கிலோ என்று கூட்டினால் மொத்தம் 400 கிலோ. எனவே 15 குதிரைத்திறனாவது வேண்டும். இருவர் மட்டும் சென்றால் இதே இயந்திரம் எளிதாகப் படகைச் சறுக்கவைக்கும். மீட்கப்பட்டவர்கள் ஏறிய பிறகு அது திணறக்கூடும். அந்நிலையில் கைகொடுப்பது காவிரிப் பரிசல்காரர்களின் பழைய நுட்பம்: வெள்ளத்தை நேருக்கு நேர் எதிர்க்காமல், முதலில் கரையோரமாகவே மேல்நோக்கிச் சென்று, பிறகு நீரோட்டத்துக்குச் சாய்வாகப் பாய்ந்து எதிர்க்கரையின் குறித்த இடத்தை அடைவர். இயந்திரம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் இந்த அறிவுக்கு அது மாற்றாகாது.

அப்படியானால் 15க்குப் பதில் 25 வாங்கிவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் படகின் பின்பலகையில் பதிக்கப்பட்டிருக்கும் தகட்டில் அதிகபட்சக் குதிரைத்திறன், ஆட்களின் எண்ணிக்கை, மொத்தச் சுமை, காற்றழுத்தம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். அவ்வரம்பை மீறினால் பலகை ரப்பர்க் குழாய்களோடு ஒட்டப்பட்ட இணைப்பு பிளந்துகொள்ளும், அல்லது முகப்பு செங்குத்தாக எழும்பிப் படகு பின்பக்கமாகக் கவிழும். எடையும் இங்கு முக்கியம்: 15 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இயந்திரம் ஏறக்குறைய 45 முதல் 50 கிலோ இருக்கும், சேறு படிந்த படித்துறையில் இருவர் அதைச் சுமந்து இறங்கி, அலைந்தாடும் படகில் இருட்டில் மாட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கடையில் நிற்கும்போதே நினைத்துப்பார்த்தல் நலம்.

தண்டின் நீளம் பற்றிக் கடைக்காரர் கேட்பதற்கு முன் வாங்குபவர் கேட்டுவிட வேண்டும். தலைப்பகுதியையும் விசிறியையும் இணைக்கும் தண்டு, குட்டை வகையில் 15 அங்குலமும் நெட்டை வகையில் 20 அங்குலமும் இருக்கும். சிறு ரப்பர் படகுகளின் பின்பலகைக்குப் பெரும்பாலும் குட்டைத் தண்டே பொருந்தும். விசிறிக்குச் சற்று மேலே கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, படகின் அடிப்பரப்புக்கு ஏறத்தாழ நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ அமைந்தால் அளவு சரி; அதைவிட மேலே இருந்தால் விசிறி காற்றை உறிஞ்சி வீணாகச் சுழலும், மிகவும் கீழே இருந்தால் அமராவதியின் பாறைகளில் இடிக்கும்.

ஆற்றில் மிதந்து வருபவையும் கவலைக்குரியவை. பின்னலாடைத் தொழில் பரவிய இப்பகுதியின் ஓடைகளில் வெள்ளம் வரும்போது கட்டிங் வேஸ்ட் எனப்படும் துணித்துண்டுகளும் நூற்சிக்கல்களும் பாலித்தீன் பைகளும் சேர்ந்து வருகின்றன. அவை விசிறியின் அச்சில் முறுக்கிக்கொண்டால் இயந்திரம் நின்றுவிடும், மெல்லிய நூலோ உள்ளே நுழைந்து எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையத்தை அறுத்துவிடும். குளிர்விப்புக்காக ஆற்றுநீரையே உறிஞ்சும் துளைகளை ஒரு பாலித்தீன் பை அடைத்தால் போதும், சில நிமிடங்களில் இயந்திரம் கொதித்துவிடும். எனவே தலைப்பகுதிக்குக் கீழிருந்து பீச்சும் மெல்லிய நீர்த்தாரையை ஓட்டுபவர் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாரை மெலிந்தாலோ நின்றாலோ உடனே இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். விசிறியைச் சுற்றி வளையக் காப்பு பொருத்துவது வேகத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால் நீரில் தத்தளிப்பவர்களின் அருகே செல்லும் படகுக்கு அது கட்டாயம் வேண்டும். சீமைக்கருவேல முள் ரப்பர்க் குழாயைக் குத்திவிடும் என்பதால், தனித்தனிக் காற்றறைகள் கொண்ட படகையே வாங்க வேண்டும்.

இரண்டு வீச்சு இயந்திரம் எடை குறைந்தது, பழுதுபார்க்க எளியது. ஆனால் எண்ணெய் கலந்த பெட்ரோலை எரித்துப் புகையும் எண்ணெய்ப் படலமும் விடுவதால், குடிநீருக்கும் பயன்படும் அமராவதி போன்ற நீர்நிலைகளுக்கு நான்கு வீச்சு வகையே ஏற்றது. வெள்ளத்துக்காக அல்லாமல் அணைநீரில் மெதுவாகச் செல்வதற்கு மட்டும் என்றால் மின்மோட்டார் இன்னும் சிறந்தது. முதலைகள் வாழும் அந்நீரில் இரைச்சலின்றிச் செல்லலாம், பழுதானால் மோட்டார் காயில் சுற்றும் கைதேர்ந்தவர்கள் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஏராளம். ஆனால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 1.2 யூனிட் மின்சாரமே. 1 கிலோவாட் மோட்டார் முழு விசையில் ஓடினால் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக வரும், ஈய பேட்டரியானால் அதில் பாதியே நம்பத்தக்கது. வெள்ள மீட்புக்கு இது போதாது.

ஆண்டில் ஒன்றிரண்டு நாள் மட்டுமே ஓடும் இயந்திரத்துக்கு வெள்ளத்தைவிடப் பெரிய பகை சும்மா கிடப்பதுதான். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். வெளிப்பொருத்து இயந்திரத் தயாரிப்பாளர்கள் பலர் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்றே கையேட்டில் குறிப்பிடுகின்றனர், ஏனெனில் எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்து, நாள்பட்டால் தொட்டியின் அடியில் நீரோடு சேர்ந்து தங்கிவிடும். தொட்டியிலும் கார்புரேட்டரிலும் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிட்டு வைப்பதும், தென்மேற்குப் பருவமழைக்கு முன் வைகாசியிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியிலும் புதிய பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்ப்பதும் இயந்திரம் வாங்குவதற்கு இணையான பணிகள். ஓட்டிப் பார்க்கும்போது நீர் நிரப்பிய பெரிய டிரம்மில் அடிப்பகுதி மூழ்கியிருக்க வேண்டும். நீரின்றி ஓடினால் குளிர்விப்பு பம்பின் ரப்பர்ச் சக்கரம் சில நொடிகளிலேயே தேய்ந்து கருகும்.

1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், உள்நாட்டு நீர்வழிகளில் இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்குப் பதிவைக் கோருகிறது என்பதால், படகு வாங்கும் அமைப்பு அதற்கான நடைமுறையை முன்னதாகவே முடித்துவைத்தல் வேண்டும். ஓட்டுபவரின் மணிக்கட்டில் அல்லது உயிர்காப்பு அங்கியில் மாட்டப்படும் சுருள் கயிறு, அவர் நீரில் விழுந்த நொடியில் இயந்திரத்தை அணைத்துவிடும். ஓட்டுநரற்ற படகு வட்டமிட்டு வந்து, விழுந்தவரையே விசிறியால் வெட்டும் விபத்தை இது தடுக்கிறது. இக்கயிறு இயந்திரத்தோடு வரும் மிகச் சிறிய பொருள் என்பதால் பெட்டியிலேயே மறந்துவிடப்படுவதுண்டு. டிரம்மில் ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதை ஒருமுறை இழுத்து, இயந்திரம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே மூடிவைக்க வேண்டும்.