நாயோடு ஒரு படகுப் பயணம்

இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் நாயோடு படகில் உல்லாசப் பயணம் செல்வோருக்கு அவசரம் என்பதே கிடையாது. மணிக்கு 4 மைலுக்கு மேல் படகு போகலாகாது. முற்காலத்தில் படகிழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதை இன்றும் இருக்கிறது. நாய் அதில் இறங்கி ஓடினால் படகை எளிதில் முந்திவிடும்.

அயலார் அங்கே விரைவில் நண்பராவதற்கு நாய் ஒரு காரணம். 'லாக்' எனப்படும் நீர்த்தொட்டி அதனினும் பெரிய காரணம். கால்வாய் மேடேற வேண்டிய இடத்தில், இருபுறமும் கதவிட்ட தொட்டியொன்றைக் கட்டியிருப்பர். படகு உள்ளே புகுந்ததும் கீழ்க்கதவை அடைத்து, மேற்புறத்து மதகைத் திறப்பர். நீர் நிரம்ப நிரம்பப் படகும் உயரும்.

1810இல் முழுமையாகத் திறக்கப்பட்டு, பின்னர் பாழடைந்து, 1990இல் புத்துயிர் பெற்ற கென்னெட்–ஏவன் கால்வாயைப் பாருங்கள். டிவைசிஸ் நகரருகே சுமார் 2 மைலுக்குள் 29 தொட்டிகள். மொத்த ஏற்றம் 237 அடி! ஒவ்வொரு தொட்டி நீரும் பயன்பட்டபின் கீழே போய்விடுகிறது; அதை எந்திரம் வைத்து மீண்டும் மேலேற்ற வேண்டியிருக்கிறது. தொட்டியின் அகலம் ஏறக்குறைய 14 அடி. குறும்படகின் அகலமோ சுமார் 7 அடி. ஆகவே பின்னால் வருபவருக்காகக் காத்திருந்து, இரு படகுகளும் சேர்ந்து ஏறினால் ஒரு தொட்டி நீர் மிச்சமாகும். கனத்த கதவுகளைத் தள்ளக் கைகளும் கூடும். 29 தொட்டிகளைச் சேர்ந்து கடந்தவர்கள் அந்நியராக இருப்பது எப்படி?

நாய்க்கு மட்டும் அங்கே சுதந்திரம் ஆகாது. படகுக்கும் சுவருக்கும் இடையே விழுந்தால் நசுங்கிவிடும். மதகு திறந்திருக்கையில் நீரின் வேகமும் கடுமை. விவரமறிந்தவர்கள் நாயை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திய பிறகே மதகில் கைவைப்பார்கள். அது குரைத்து ஆட்சேபிக்கும். பக்கத்துப் படகுக்காரர் சன்னல் வழியே சமாதானம் சொல்வார்.